கனோசா கட்டுரையில் ஒரு வரி

எனக்குத் தட்டச்சு சரியாக வராது. கைப்பேசியில் ஒற்றைக் கட்டைவிரலால் அடிக்கிறவன் நான். ஆகவே இதில் ஒற்றுப்பிழை ஏதும் கண்ணில் பட்டால் தயங்காமல் திருத்திவிடுங்கள், கீதாஞ்சலி. அந்த வேலையில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

இணையக் கலைக்களஞ்சியத்தில், கனோசா கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். "ஐயா, அரசர் பனியில் நின்ற வரியை நீங்கள் நீக்குகிறீர்கள், நான் சேர்க்கிறேன், மறுபடி நீக்குகிறீர்கள். பழைய திருத்தங்களைத் தேடிப் பார்த்தேன். அந்த வரியை முதன்முதலில் எழுதியவரே நீங்கள்தான். ஏன் ஐயா?" மரியாதையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது முறையில்லை. பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாம் நேரில் பார்த்ததில்லை. சந்தவாசல் பக்கம் என்று உங்கள் பயனர் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். மலைக்குக் கீழே நீங்கள், மேலே நான். காவலூரில் பஸ்ஸை விட்டிறங்கி, நட்சத்திரம் பார்க்கிற அந்த வெள்ளைக் கும்மட்டத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்தால் எங்கள் ஊர் வரும். நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அதோடு ஊர்ச் சாமிக்குப் பூசாரி. சந்திரன் வாத்தியார் என்றாலும் வழி காட்டுவார்கள், பூசாரி என்றாலும் காட்டுவார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆளுக்கொரு கட்டுரையை எடுத்து மேம்படுத்த வேண்டும். எனக்கு விழுந்தது ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றிக்கும் போப் ஏழாம் கிரகோரிக்கும் நடந்த சண்டை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கதை. யாரோ இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து ஏற்றியிருந்தார்கள். பதவி வழங்குவது என்று வரவேண்டிய இடமெல்லாம் முதலீடு, முதலீடு என்று கிடந்தது. அரசனும் போப்பும் கூட்டாகச் சீட்டுக் கம்பெனி நடத்தி அடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதை உட்கார்ந்து அடியோடு மாற்றி எழுதினேன். எழுதிய பிறகும் விட மனம் வரவில்லை.

சண்டை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஆயர், அதாவது பிஷப், பதவி ஏற்கும்போது அவர் கையில் மோதிரமும் கோலும் கொடுப்பது யார்? அரசன் என் உரிமை என்றான், போப் என் உரிமை என்றார். முடிவில் போப் அரசனைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். விலக்கப்பட்டவனுக்கு யாரும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. நாடே அவனை விட்டு விலகியது. அவன் குளிர்காலத்தில் மலை தாண்டிப் போய், போப் தங்கியிருந்த கனோசாக் கோட்டை வாசலில் வெறுங்காலோடு பனியில் மூன்று நாள் நின்றான். அந்த வரிதான் நம் இருவருக்கும் நடுவில் கிடந்து இழுபடுகிறது.

எங்கள் ஊரில் மோதிரம் கிடையாது. கோல் உண்டு. அதைப் பிரம்பு என்போம்.

என் அப்பாதான் எனக்கு முன்னால் பூசாரி. அவர் ஒரு சித்திரையில் போய்ச் சேர்ந்தார். அடுத்த பூசாரியைச் சாமிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிடாயைக் கொண்டுவந்து அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். யார் முன்னால் அது உடம்பை உதறுகிறதோ அவருக்குச் சாமி சம்மதம் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அப்பாவுக்குப் பின் மகன் என்று சட்டமில்லை. ஆனால் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு ஆள் முன்னால்தான் அது உதறி வந்திருக்கிறது. என் முன்னாலும் உதறியது. ஊரே பார்த்தது.

அதற்குப் பிறகு ஊர்க்கவுண்டர் பிரம்பை எடுத்துப் புதுப் பூசாரி கையில் கொடுக்க வேண்டும். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி. என் அக்கா மங்கம்மாளின் புருஷன். எனக்கு மாமா. நான் கீழே தங்கிப் படித்த காலத்தில் மாதம் ஒருமுறை சாமை அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் விடுதி வாசலில் வந்து நின்றவர். அந்தக் கோபால்சாமி பிரம்பை எடுத்தார், என்னைத் தாண்டிப் போனார், தன் அண்ணன் மகன் வெற்றிவேல் கையில் கொடுத்தார்.

"வாத்தியாருக்கு ஸ்கூலு கீது. சாமிய யாரு பாக்கிறது?" என்றார். "ஆடு குளுருக்கும்தான் ஒதறும்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வீட்டுக்கு வந்து கட்டுரையைத் திறந்து, ஆயர்களுக்குக் கோல் வழங்குவது பற்றிய பத்தியை இன்னும் தெளிவாக எழுதினேன். நல்ல பத்தி அது. நீங்கள்கூட அதற்கு நன்றி அனுப்பியிருந்தீர்கள்.

ஆடித் திருவிழா வந்தது. பிரம்பு வெற்றிவேலிடம் இருந்தது, அப்பா காலத்திலிருந்தே சாமிப் பெட்டி என் வீட்டில் இருந்தது. பெட்டியை நான் வெளியே எடுக்கவில்லை. பெட்டி வராமல் திருவிழா இல்லை. ஊர் என் வாசலில் வந்து நின்றபோது, கோபால்சாமியை ஊரை விட்டுத் தள்ளி வைத்திருப்பதாகப் பெட்டியின் மேல் கை வைத்துச் சொன்னேன். தள்ளி வைப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஊர்க்கவுண்டரை யாரும் தள்ளி வைத்ததில்லை. பெரியவர்கள் திகைத்துப் போனார்கள். அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். ராஜாவையே தள்ளி வைத்திருக்கிறார்கள், கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது என்று கைப்பேசியைக் காட்டினேன். கைக்குக் கை மாறிப் பார்த்தார்கள். எழுத்தில் இருக்கிறதே என்று ஒத்துக்கொண்டார்கள். அதை எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. அவர் வீட்டுக்கு நெருப்பு கொடுக்க ஆளில்லை, அவர் கொல்லையில் சாமை அறுக்க ஆளில்லை. எதிரில் வந்தால் மாடு மேய்க்கிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெற்றிவேல் ஒரு மாதம் முறைத்துப் பார்த்தான், பிறகு பிரம்பைக் கொண்டுவந்து என் வாசலில் சாத்திவிட்டுப் போனான். சண்டை அத்துடன் முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். எனக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தையில் அக்கா மகள் கலைவாணிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர் மாப்பிள்ளை. தள்ளி வைத்த வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். கலைவாணிக்குத் தாய்மாமன் நான்தான். அவளுக்கு முதல் மாலை நான் போட வேண்டும்.

விலக்கு நீங்கத் தையில் ஒரு முறை இருக்கிறது. பூசாரி வீட்டு வாசலில் ஒரு தட்டைக் கல் கிடக்கிறது. தள்ளி வைக்கப்பட்டவர் விடிவதற்கு முன்னால் முழுகி, ஈர வேட்டியோடு, செருப்பில்லாமல் அதில் வந்து நிற்க வேண்டும். பூசாரி ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றி, "உள்ள வா" என்பார். அத்தோடு சரி. பூசாரி வரும்வரை அவர் கல்லை விட்டு இறங்கக்கூடாது, எதையும் சாப்பிடக்கூடாது. பூசாரியைத் தவிர வேறு யாரும் அவரைத் தொடவோ அவர் கையில் எதையும் கொடுக்கவோ கூடாது. இறங்கிவிட்டால் அடுத்த தை வரைக்கும் மறுபடி நிற்க முடியாது. என் அப்பா காலத்தில் ஒரு பீடி பிடிக்கிற நேரம் நிறுத்துவார். எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது.

கோபால்சாமி தை பிறந்ததும் வந்து நின்றார்.

எங்கள் மலையில் தைப் பனி எப்படி என்று கீழே இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. விடியற்காலையில் புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈர வேட்டி தொடையில் ஒட்டியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு என் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. கட்டுரையில் பின்விளைவுகள் என்ற பகுதி மட்டும் மிச்சமிருந்தது. அதை முடித்துவிட்டு வெளியே போகலாம் என்று உட்கார்ந்தேன்.

"மச்சான்" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "நின்னுட்டேன். வந்து ஊத்து."

சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். பந்தியில் குழம்பு ஊற்றச் சொல்கிற மாதிரி.

நான் படித்துக்கொண்டிருந்தது என்னவென்றால், கனோசாவுக்குப் பிறகு நடந்தது. போப் மனம் இரங்கினார். மன்னித்தார். சேர்த்துக்கொண்டார். மன்னிப்பு வாங்கிக்கொண்டு போன ஹென்றி ஊருக்குப் போய்ப் படை திரட்டினான். சில வருடத்தில் ரோமாபுரிக்குள் நுழைந்தான், தனக்குப் பிடித்த ஆளைப் போப்பாக உட்கார வைத்தான். கிரகோரி அந்நிய ஊரில் கிடந்து செத்தார். கதவைத் திறந்ததற்கு அவருக்குக் கிடைத்த கூலி அது. அத்தனையும் சான்றோடு எழுதினேன். எழுதி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கல்லைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள்.

"இன்னாடா பண்ற வூட்டுக்குள்ள? அந்த ஆளு காலீலருந்து நிக்கிறாரு."

"முறை இருக்குதுக்கா."

"எந்த மொறை? நம்ப அப்பா இப்டியா நிக்க வெச்சாரு? போன்ல இன்னாத்த நோண்டிக்கினு இருக்க?"

அவளுக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கனோசாக் கோட்டைக்கு உரியவள் மெட்டில்டா என்ற சீமாட்டி. அவளும் அரசனுக்காகப் போப்பிடம் மன்றாடினாள் என்று முந்தின வாரம்தான் எழுதியிருந்தேன். எல்லாம் சரியாகப் பொருந்தி வருகிறதே என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

மறுநாள் அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு தோள், பிறகு முழு உடம்பும். ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. கிட்டே வர முறையில்லை. ஜன்னலில் நின்று பார்த்தபோது எனக்கு அந்தக் கிடாய் நினைவுக்கு வந்தது. உதறினால் சாமி சம்மதம் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே நான் வெளியே போயிருக்கலாம். ஆனால் குளிருக்கும் உதறும் என்று சொன்னவர் அவர்தான்.

அன்றைக்கு அக்கா மறுபடி வந்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை. மாமாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. குளிரில் கூடும். வாயில் வைத்து இழுக்கிற மருந்துக் குழல் ஒன்று வைத்திருந்தார். வேலூரிலிருந்து அதை மாதாமாதம் வாங்கி வந்து கொடுத்தவனே நான்தான், ஆடிக்கு முன்னால்வரை. அக்கா அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அவள் அவர் கையில் கொடுக்க முடியாது. பூசாரி கொடுக்கலாம்.

"சந்திரா, தண்ணி அப்பறம் ஊத்து. இத மட்டும் அவர் கைல குட்த்துடு. உன் கால்ல வுழுறேன்."

விழுந்தாள். நான் தூக்கி நிறுத்தினேன். குழலை வாங்கிக்கொண்டேன். கொடுக்கிறேன் என்றேன். அவள் நம்பிக்கையோடு போனாள். அவர் என் கையால் எதையாவது வாங்கினால் பாதி விலக்கு நீங்கிய மாதிரி ஆகிவிடும், அது குழப்பம் என்று எனக்குப் பட்டது. மேசையில் வைத்தேன்.

நீங்கள் கேட்டிருந்தால், மூன்றாம் நாள் முடிந்ததும் திறப்பதாக இருந்தேன் என்றுதான் இத்தனை நாளாகச் சொல்லியிருப்பேன். கட்டுரையில் மூன்று நாள் என்றிருக்கிறது, நானும் மூன்று நாள் என்று வைத்துக்கொண்டேன் என்று. ஊரிலும் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் வெளுக்கும் முன் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மஞ்சள் போட்டேன். பச்சைத் தண்ணீர்தான் முறை, ஆனால் நான் வெதுவெதுப்பாக வைத்தேன். சொம்பில் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். வெளியே அவர் மூச்சு கேட்டது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் ஒரு விசில். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"சந்திரா" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டார். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

எனக்குக் கிரகோரியின் ஞாபகம் வந்தது. திறந்தால் இவர் உள்ளே வருவார், சாப்பிடுவார், கல்யாணம் நடக்கும், மறுவருடம் பிரம்பு யார் கையில் இருக்கும்? இதைத்தான் யோசித்தேன். சொம்பு கையில் ஆறிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தமும் மெதுவாகக் குறைந்தது. விசில் முதலில் நின்றது. பிறகு மற்றதும் நின்றது. அது நின்ற பிறகும் நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கதவைத் திறந்தபோது அவர் கல்லின் மேல்தான் கிடந்தார். கடைசிவரை இறங்கவில்லை. முறைப்படி தலையில் தண்ணீர் ஊற்றி, "உள்ள வா மாமா" என்றேன். ஊர் பார்த்தது.

இழுப்பு வந்து போய்விட்டார் என்று ஊர் முடிவு செய்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. கலைவாணியின் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு மலைக்குக் கீழே ஒரு கோயிலில் பத்துப் பேரோடு நடந்தது. முதல் மாலை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா ஒரே ஒரு தடவைதான் வந்தாள். மேசையில் இருந்த குழலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். அது இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமா போன பிறகுதான் அந்த வரி என்னைப் படுத்த ஆரம்பித்தது. கட்டுரையைத் திறந்தால் அது அங்கே நிற்கும். வெறுங்காலோடு, பனியில், மூன்று நாள். நான் எழுதிய வரிதான். நீக்கினேன். மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் திரும்ப வந்து நின்றது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. செய்தது நீங்கள் என்று பெயர் போட்டிருந்தது. ஆனாலும் கீதாஞ்சலி, சத்தியமாகச் சொல்கிறேன், பல நாள் அது நீங்கள் என்று நான் நம்பவில்லை. விடியற்காலையில் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டேதான் அழித்தேன். கலைக்களஞ்சியத்தில் எதையும் உண்மையில் அழிக்க முடியாது என்பதும், அழித்ததெல்லாம் பழைய திருத்தங்களில் அப்படியே கிடக்கும் என்பதும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான்.

கல்லில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டிருக்கிறேன். தினம் காலையில் அதை எடுத்துப் பார்ப்பேன். மேல்புறம் காய்ந்திருந்தாலும் அடிப்புறம் நனைந்திருக்கும். பனிதான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் நாய் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. கெட்டிலில் தண்ணீர் வைப்பதை விட்டுவிட்டேன். வாசல் கதவுக்கு இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. இரவும் பகலும் அகலத் திறந்தே கிடக்கிறது. யாரும் உள்ளே வருவதில்லை.

அந்த வரிக்கு நான் சான்று கேட்டபோது நீங்கள் கொடுத்த பதில் சரியானது. சான்று போப் தானே எழுதிய கடிதம் என்றீர்கள். அரசன் மூன்று நாள் நின்றதையும், கூட இருந்தவர்கள் இது கொடுங்கோலனின் கொடூரம் என்று தன்னைத் திட்டியதையும் அவரே எழுதியிருக்கிறார் என்றீர்கள். வாசலில் நிறுத்தியவனே எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபால்சாமியைக் கொன்றது குளிரில்லை, இழுப்பில்லை, முறையும் இல்லை. மருந்தை மேசையில் வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கொன்றேன். இதைக் காவல் நிலையத்தில் காட்ட வேண்டுமென்றால் காட்டுங்கள்.

அரசர் பனியில் நின்ற வரியை இனி நீக்க மாட்டேன். அது நிற்கட்டும். கட்டுரையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்திருக்கிறேன், அதை நீங்கள் தயவுசெய்து பழையபடி மாற்ற வேண்டாம். அதற்கு அடுத்த வரியில், போப் மனமிரங்கிக் கதவைத் திறக்கச் சொன்னார் என்று இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். கை தாழ்ப்பாள் வரைக்கும் போகும், அதற்கு மேல் போகாது, யாருக்கும் போகாது. அந்த வரிக்குச் சான்று தேவை என்று குறித்திருக்கிறேன்.